ஆலையிலிருந்து வந்த ஆள்

ஏற்காட்டுக்கு நான் இதுவரை போனதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரன் ஒருவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வேலை நிமித்தம் சேலத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஊருக்குள் நின்று பார்த்தாலே மலை தெரியும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒவ்வொரு மே மாதமும் கேட்பார்கள். வளைவில் எனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடுவேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. முழு உண்மையை எழுதிவிடலாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது. கேட்டுக் கோபப்பட வேண்டியவர் இப்போது உயிரோடு இல்லை என்பதால் வந்த தைரியம் இது. பெரிய தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. சுற்றிலும் கரும்பு. மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை. ஊரிலிருந்து நாலு மைலில் ஒரு சின்னச் சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. தனி முதலாளி ஒருவருடையது. இப்போது அந்த ஆலையும் இல்லை, முதலாளி குடும்பமும் அங்கே இல்லை. என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அதில் வேலை பார்த்தார். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். நான் பிறந்தபோது என்னை முதலில் தூக்கியது தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். நானும் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் சீசன் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஆலை ஓடுகிற காலம். மார்கழி வாக்கில் ஆலைச் சங்கு ஊதும். அன்றிலிருந்து ஆனி வரை சீசன். சங்கு நின்றால் ஆஃப் சீசன். நிரந்தர ஆட்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். மாமாவைப் போன்ற மற்றவர்கள் எல்லாம் சீசன் ஆட்கள். சங்கு நின்ற அன்றே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மறு சீசன் தொடங்கும்போது ஆலையிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வீடு வீடாக வந்து கூப்பிடுவார். கூப்பிட்டால்தான் வேலை. நடுவில், ஆஃப் சீசனில், இயந்திரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுகிற வேலைக்கு நாலைந்து பேரை மட்டும் கூப்பிடுவார்கள். அதற்கு ஓவரால் என்று பெயர். ஓவராலுக்குக் கூப்பிடப்பட்டவன் சீக்கிரமே நிரந்தரமாகிவிடுவான் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். மாமா மூன்று வருஷமாக அந்தக் கூப்பிடலுக்குக் காத்திருந்தார்.

அதனால் ஒருநாள் மாமா, “ஆஃப் சீசன் வரட்டும் மாப்ள, உன்ன ஏற்காடு கூட்டினு போறன்” என்று சொன்னபோது, அங்கேயும் ஓர் ஆலை இருக்கிறது, அதன் சங்கும் நிற்கப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு உயரத்துக்குக் கரும்பு வண்டி எப்படி ஏறும் என்று கேட்டேன்.

மாமா சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அங்க சீசன்னா ஜனங்க வர்ற காலம்டா. வெயிலுக்குப் பயந்துக்கினு ஓடியாருவாங்க. கூட்டம் கம்மியானா ஆஃப் சீசன்.”

“அப்ப அங்க ஜனங்களத்தான் அரைப்பாங்களா?”

இந்தக் கேள்வியை மாமா ஒரு மாதம் ஆலையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நானும் அந்த ஒரு மாதம் பெரிய ஆளாகத் திரிந்தேன். ஏற்காடு எனக்கும் மாமாவுக்கும் என்று அன்றே முடிவாகிவிட்டதாக நினைத்தேன்.

ஆனியில் சங்கு நின்றது. அந்த மாதக் கடைசியிலேயே மாமாவுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ரிஷிவந்தியம் பக்கம். மாப்பிள்ளைத் தோழன் நான்தான். புதுச் சட்டை, கழுத்தில் மாலை, ஜீப்பில் மாமாவுக்குப் பக்கத்து இடம். கல்யாணம் என்பது எனக்கும் மாமாவுக்கும் சேர்ந்து நடக்கிற ஏதோ ஒன்று என்றே அந்தக் காலை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது என்னைப் பின்னால் பாத்திரங்களோடு உட்கார வைத்தார்கள். பொறாமை எனக்குள் நுழைந்த நேரத்தை இவ்வளவு துல்லியமாக என்னால் சொல்ல முடியும். ஜீப் ரிஷிவந்தியத்தை விட்டுக் கிளம்பிய நேரம்.

அத்தை என்னிடம் எந்தக் குறையும் வைக்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியில் ஈரல் துண்டு எப்போதும் என் தட்டுக்கு வரும். மாமா எடுத்து வைப்பார். இப்போது அது அத்தையின் தட்டுக்குப் போயிற்று. அத்தை அதை எடுத்து என் தட்டில் வைத்தாள். ஈரல் அதே ஈரல்தான். ஆனால் மாமா கொடுத்ததற்கும் அவள் கொடுத்ததற்கும் ருசி வேறாக இருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கை கழுவினேன்.

மாமாவின் சைக்கிளில் முன்பார் என்னுடையது. அதையும் யாரும் பறிக்கவில்லை. அத்தை பின்னால் கேரியரில் உட்கார்ந்தாள். ஆனால் மிதித்துக்கொண்டே மாமா பேசிய பேச்செல்லாம் என் தலைக்கு மேலே பின்பக்கமாகப் போனது. முன்னால் உட்கார்ந்திருந்தும் நான் பின்னால் போய்விட்டேன்.

ஆடி பிறந்ததும் அத்தையின் அப்பா வந்து தாய்வீட்டுக்கு அழைத்துப்போனார். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, என்னைப்போல் ஒரு பையனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மாதம் மாமா முழுசாகத் திரும்பக் கிடைத்தார். கோமுகி அணைக்குப் போனோம். ஏற்காடு எப்போது என்று கேட்டேன். “போலாம் போலாம்” என்றார். வருஷத்துக்கு ஏன் ஒரே ஓர் ஆடிதான் வருகிறது என்று அம்மாவிடம் கேட்டு ஒரு குட்டு வாங்கினேன். ஆவணி முதல் தேதி விடிந்ததும் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிஷிவந்தியத்துக்குக் கிளம்பிவிட்டார்.

புரட்டாசியில் ஒருநாள் மாமா கள்ளக்குறிச்சிச் சந்தையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் சிவப்பாக ஒரு ஸ்வெட்டர். எங்கள் ஊரில் அதைச் சொட்டர் என்போம். சினிமாவில் தவிர யாரும் அதை உடம்பில் பார்த்ததில்லை. அத்தை அதை அந்த வெயிலில் போட்டுப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை ஓட, கையை மடக்கிக்கொண்டு நின்றாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“இன்னாடா இது, ஊரே வெந்துக்கினு கெடக்குது, இவளுக்குச் சொட்டரா?”

“மூணு நாளு ஏற்காடு போறம்க்கா. இப்ப ஆஃப் சீசன், ரூமு ஈசியாக் கெடைக்கும். கூட வேலை செய்யறவன் ஒருத்தனோட மச்சான் அங்க வாச்மேனு. சொல்லிவச்சிட்டான்.”

நான் என் டவுசர் பையில் கையை விட்டுக்கொண்டு, எனக்கான பொட்டலத்துக்காகக் காத்திருந்தேன். மாமா காகிதத்தை மடித்து ஜன்னலில் வைத்தார். பொட்டலம் ஒன்றுதான்.

“நானு?” என்று கேட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். மறந்துபோனவர் முகம் அது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. “அடுத்த தபா மாப்ள” என்றார். அம்மா, “புதுசா கட்டினதுங்க போவுதுங்க, நீ எதுக்குடா நடுவுல நந்தி மாரி?” என்றாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவை இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எங்கள் சனங்களும் அதில் இருந்தார்கள். சுவரெல்லாம் எழுத்து. டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்த அப்பா, வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல், ஒரு வண்டி ஓடாது என்று சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் மாமா அசரவில்லை.

“நாங்க பொதங்கிழம மத்தியானமே சேலம் போயிடுவோம்.”

“போயிடுவ. திரும்பி எப்படி வருவ?” என்றார் அப்பா.

“வர முடியலன்னா இன்னா? ஒரு வாரம் அங்கயே கெடக்கறது” என்று மாமா சிரித்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அவள் முதுகும் சிரித்தது.

மூன்று நாள் என்றாலே என்னால் தாங்க முடியாது. ஒரு வாரம்!

புதன்கிழமை காலை. மறியலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்கு அன்றே லீவு விட்டுவிட்டார்கள். மாமா முடிவெட்டிக்கொள்ளக் கச்சிராயபாளையம் போயிருந்தார். அம்மாவும் அத்தையும் வழிக்குப் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் ரெக்ஸின் பை. பையின் வாயில் சிவப்புக் கை ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் தெருவுக்குப் போனேன். மாட்டுக்கொட்டகை வரை நடந்தேன். திரும்பி ஓடிவந்தேன், மூச்சிரைப்பதற்காக.

“அம்மா, ஆலையிலேர்ந்து ஆள் வந்தாரு.”

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “எங்கடா?”

“போயிட்டாரு. நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கு மாமாவ கேட்டாண்ட வரச்சொன்னாரு.”

“எதுக்காம்?”

இங்கே வரைக்கும்தான் யோசித்து வைத்திருந்தேன். அதற்கு மேல் வந்த சொல் தானாக வந்தது. எங்கள் வீட்டில் யாரும் மறுக்க முடியாத சொல் அது ஒன்றுதான்.

“ஓவராலுக்கு.”

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு உள்ளே போய் அத்தையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றியில் விரல்களை நெறித்துத் திருஷ்டி கழித்தாள். “மவராசி, நீ வந்த நேரம்டி! மூணு வருசமா வராத ஆளு, நீ வந்த நேரம் தேடிக்கினு வந்துட்டான் பாரு!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொன்னவன் நான். பேர் அவளுக்கு. நேரம் பார்த்து உழைத்தவன் ஒருவன் இருக்க, இன்னொருத்தியைப் பாராட்டுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையைத் திறந்து துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். “ஏற்காடு எங்க போயிடும் அண்ணி, அங்கயேதான் இருக்கும்” என்று அம்மாவிடம் சொன்னாள். புளிச்சோற்றை மத்தியானம் வீட்டிலேயே தின்றோம்.

மாமா வந்ததும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அது போதும் என்றிருந்தது எனக்கு. அப்புறம்தான் கேள்விகள்.

“யாரு வந்தது? ஒல்லியா, மீசை வச்சிக்கினு?”

“ஆமா.”

“பச்ச சைக்கிளா?”

“ஆமா.”

“அவருதான்! அவருதான் கூப்புடுவாரு!” மாமாவே ஆளைச் செய்து முடித்துவிட்டார். நான் தலையை ஆட்டியதோடு சரி.

வியாழக்கிழமை காலை கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமா கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான், கேட்டில் போய் நின்றால் என்ன ஆகும் என்ற யோசனை எனக்கு வந்தது. யாரும் கூப்பிடவில்லை என்பார்கள். மாமா திரும்பி வந்து என்னைக் கேட்பார். கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானம் மாமாவின் குரல் கேட்டது. சிரித்த குரல். எட்டிப் பார்த்தேன். சட்டையெல்லாம் சேறு, முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் சந்தோஷம்.

“ரோட்ல ரெண்டு புளிய மரத்த வெட்டிச் சாச்சிட்டாங்க. சைக்கிளத் தூக்கினுதான் போனேன். கேட்டாண்ட ஒரே கூட்டம், சத்தம். வாச்மேன் போ போன்னு வெரட்டறான். நான் நவுரல. அப்பால டைம் ஆபீஸ் கிளார்க்கு சின்னக் கதவத் தொறந்துக்கினு நோட்டோட வந்தாரு. இங்க நிக்கறவங்கள்ல ஆலை ஆளுங்க யாரு யாருன்னாரு. மத்தவனுங்க எல்லாம் துண்டை மூஞ்சியில போட்டுக்கினு நழுவிட்டானுங்க. வேல வெட்டி வேணாம் போலருக்கு. நான் முன்னாடி போயி பேரு, அப்பா பேரு, ஊரு, ஆலையில குடுத்த டிக்கெட் நம்பரு எல்லாம் சொன்னேன். அந்தாளு என்ன ஒரு மாரி பாத்தாரு. தெரிஞ்சிதான் சொல்றியான்னாரு. தெரிஞ்சிதாங்க சொல்றேன்னேன். எழுதிக்கினாரு.”

அப்பா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். “மறியல் அன்னிக்கு எதுக்குப்பா பேரு எழுதறான்?”

“மறியல் முடிஞ்சதும் கூப்புடுவாங்க, பாருங்க.”

நான் கொல்லையில் நின்றபடி இதைக் கேட்டேன். நான் சொன்ன பொய் மெய்யாகிவிட்டிருந்தது. ஆலையில் உண்மையாகவே பெயர் எழுதியிருக்கிறார்கள்! என் வாய்க்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சக்தியால் வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்றும் யோசித்தேன்.

ஏற்காட்டுக்கு வழி அடைபட்டுவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி போகவில்லை. வெள்ளிமலைக்குப் போகிற மலை பஸ் மட்டும், கள்ளக்குறிச்சிக்குள் நுழைய முடியாமல் கச்சிராயபாளையத்திலேயே நின்று, அங்கிருந்து மேலே போய் வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அத்தைதான் சொன்னாள். “ஏற்காடு மலைன்னா, எதுர்ல இருக்கறது மலை இல்லியா? இங்கயே போயிட்டு வரலாம். இவனையும் கூட்டினு போலாம் அண்ணி.”

“இவன் எதுக்கு?” என்றாள் அம்மா.

“இவன்தான ஆள் வந்ததச் சொன்னான்” என்றாள் அத்தை.

என்னை அழைத்துப்போகிறவள் அவள் என்பதே எனக்குக் குத்தியது. மாமா மறந்த இடத்தில் அவள் நினைத்தாள் என்று அன்று தோன்றவில்லை. என் மாமாவோடு நான் போக இவள் யார் உத்தரவு கொடுக்க என்று தோன்றியது.

முன்பாரில் நான், கேரியரில் அத்தை. கச்சிராயபாளையத்தில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறினோம். ஜன்னல் இருக்கையை அத்தை எனக்குக் கொடுத்தாள். நாலாவது வளைவில் கீழே கோமுகி அணை தட்டில் ஊற்றிய ரசம்போலத் தெரிந்தது. ஐந்தாவதில் எனக்குக் கண் இருட்டியது. குளிருகிறது போலிருக்கிறது என்று அத்தை சொட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். அதில் பவுடர் வாசனை அடித்தது. ஆறாவது வளைவில் அதன்மேலேயே வாந்தி எடுத்தேன். வேண்டுமென்று எடுக்கவில்லை. ஆனால் எடுத்த பிறகு வருத்தப்படவும் இல்லை.

வெள்ளிமலையில் தூறல். ஒரு டீக்கடை, சாக்கு விரித்துக் குவித்திருந்த கடுக்காய், நனைந்த நாய் ஒன்று. டீ ஆற்றியவர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். “மழைக் காலத்துல யாரும் மேல வரமாட்டாங்களே, சுத்திப் பாக்கவா வந்தீங்க?”

“எங்களுக்கு ஆஃப் சீசன்லதாங்க லீவு” என்றார் மாமா. அவர் அன்று பார்த்ததையெல்லாம் புகழ்ந்தார். டீ நன்றாக இருக்கிறது என்றார். தூறல் நன்றாக இருக்கிறது என்றார். நிரந்தரம் ஆகப்போகிற மனிதருக்கு அப்படித்தான் இருக்கும். இறங்கும் பஸ் எப்போது என்று விசாரிக்கப் போனபோது விசிலடித்துக்கொண்டே போனார்.

அத்தை குழாயடியில் குந்திச் சொட்டரை அலசினாள். நான் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். தலை நிமிராமல் கேட்டாள்.

“ஏம்பா, அன்னிக்கு ஆலையிலேர்ந்து வந்தாரே, நீ அவர நல்லாப் பாத்தியா?”

“பாத்தனே.”

“நல்ல குண்டு இல்ல? வழுக்கத் தலை?”

“ஆமா.”

“மொழுமொழுன்னு, மீசை இல்லாம?”

“ஆமா அத்தை.”

“நடந்துதான வந்தாரு?”

“ஆமா. நடந்துதான் வந்தாரு.”

அத்தை அலசுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் மாமா யாரிடமோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு சொட்டரை இறுக்கிப் பிழிந்தாள்.

“மறுபடி வருவாரா அவரு?”

“வருவாரு.”

“அப்ப சரி” என்றாள். திரும்பும்போதும் ஜன்னல் இருக்கை எனக்குத்தான். அத்தை ஈரச் சொட்டரை மடியில் வைத்துக்கொண்டு, மலை இறங்கும் வரை பேசாமல் வந்தாள். என்னைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள், நான் மசியவில்லை, அதனால் கோபம் என்று நான் முடிவுகட்டினேன்.

மார்கழியில் சங்கு ஊதியது. மாமா விடியுமுன் குளித்துவிட்டு வாசலில் நின்றார். பச்சை சைக்கிள் தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டில் நின்றது, மூன்று வீடு தள்ளி நின்றது, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. ஒல்லியாக, மீசை வைத்த ஆள்தான். மாமா கையை உயர்த்தினார். அவர் பார்க்காததுபோல மிதித்தார். மறுநாளும் மாமா குளித்துவிட்டு நின்றார். மூன்றாம் நாள் தானே ஆலைக்குப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினார். பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஓவராலுக்கு இல்லை, சீசனுக்கே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு உனக்கே தெரியும் என்றார்களாம்.

“எனக்கு இன்னாக்கா தெரியும்?” என்று மாமா அம்மாவைக் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் அவர் கடைசி வரை வாழ்ந்தார்.

அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “எல்லாம் வந்த நேரம். இருந்த வேலையும் போச்சு.” அன்றிலிருந்து பால் பொங்கி வழிந்தாலும் வந்த நேரம், கன்று செத்தாலும் வந்த நேரம். புரட்டாசியில் கன்னத்தை வழித்த அதே சொல். அத்தை குனிந்த தலையோடு பாத்திரம் துலக்குவாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பேச்சு முழுக்க என் பக்கம் திரும்பிவிடும். அவள் சொல்லவில்லை. அம்மா திட்டும்போதெல்லாம் நான் அங்கேயே நின்று கேட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. இதைத்தான் எழுதக் கூசிக்கொண்டு இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்.

அன்று நோட்டில் எழுதியது எதற்கு என்பது நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் தெரிந்தது. அந்த டைம் ஆபீஸ் கிளார்க் வயதாகி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரைக் கேட்டார், மாமா பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். “நல்ல வேலைக்காரங்க அவரு. மரம் வெட்டிச் சாச்ச அன்னிக்கு கேட்டுல நின்ன ஆலை ஆளுங்க பேர எழுதச் சொன்னாரு மொதலாளி. மறியல்காரனுக்கு அடுத்த சீசன் இல்லன்னுட்டாரு. அத்தினி பேரும் ஓடிட்டான், உங்க மாமா ஒருத்தருதான் நெஞ்ச நிமித்திக்கினு பேரு குடுத்தாரு. நானே ஒரு தபா தெரிஞ்சிதான் சொல்றியான்னு கேட்டேன். கொள்கை உள்ள மனுசங்க” என்றார்.

நான் கையிலிருந்த ஃபைலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதில் என் சாதிச் சான்றிதழும் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் இருந்தன. அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வந்த ஒதுக்கீட்டில்தான் எனக்கு இடம் கிடைத்திருந்தது. படித்தேன், வேலைக்குப் போனேன், பதவி உயர்ந்தேன். போராட்டத்தில் ஒரு குச்சியைக்கூட வெட்டிப் போடாத மாமா அதற்கான தண்டனையை அனுபவித்தார். அந்தத் தண்டனையை அவருக்கு வாங்கிக் கொடுத்த நான் போராட்டத்தின் பலனை அனுபவித்தேன். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே மேஸ்திரியாகி, அங்கேயே மாமா இறந்தார். எப்போது போனாலும், “எம் மாப்ள ஆபீசருங்க” என்று என்னைத் தெருவில் எல்லோருக்கும் காட்டுவார். நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் போனேன்.

அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பியது பொங்கல் கழித்து மூன்றாம் நாள். கச்சிராயபாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். இரண்டு மூட்டை, அந்த ரெக்ஸின் பை. மாமா என் தலையை ஒருமுறை தடவினார். எல்லாம் இவளால் என்று நினைத்தேன். மூன்று நாளில் தொடங்கி, ஒரு வாரமாக்கி, கடைசியில் மொத்தமாகவே மாமாவைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று அத்தையை முறைத்தேன்.

பஸ் கிளம்பும்போது அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டாள். மாமா மேலே மூட்டையை வைத்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சொட்டரைப் போட்டிருந்தாள், பெங்களூர் குளிரும் என்று யாரோ சொன்னார்களாம். முகத்தில் கோபம் இல்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“ஏம்பா, அந்த ஆளு மறுபடி வந்தாருன்னா, மாமா ஊர்ல இல்ல, போயிட்டாருன்னு சொல்லிடு.”

“சரி” என்றேன். பஸ் நகர்ந்தது. இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.